தும்மல் டாக்டர்

மாநகராட்சிப் பதிவேட்டில் அவர் ஃபிட்டர், முதல் நிலை. ஆனால் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற சதுக்கத்தில் போய் ஃபிட்டர் எங்கே என்று கேட்டால் ஒருவரும் கையைக் காட்ட மாட்டார்கள். டாக்டர் எங்கே என்று கேட்க வேண்டும். பழக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர், பேருந்து நேரக் காப்பாளர் எல்லோருக்கும் அவர் டாக்டர்தான். முழுப் பட்டம் தும்மல் டாக்டர். ஐம்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு. பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும்.

பட்டத்துக்குக் காரணம் சதுக்கத்தின் நடுவில் நிற்கிற நீரூற்று. சாதாரண நீரூற்று என்று சொன்னால் பட்ஜெட் போட்டவர்களுக்குக் கோபம் வரும், அது கலைப்படைப்பு. இருபத்தொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண் சிற்பி செய்தது. மல்லாந்து படுத்திருக்கிற மனிதனின் விலா எலும்புகள் மாதிரி, பக்கத்துக்குப் பன்னிரண்டு செம்புக் குழாய்கள் வளைந்து நிற்கும். எல்லா விலாவிலும் தண்ணீர் ஒரே சமயத்தில் மெல்ல ஏறி, நுனியில் வழிந்து, மெல்ல இறங்க வேண்டும். மறுபடி ஏற வேண்டும். பெயர் ‘மூச்சு’. அதைக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள்.

ஊர் கல்லைப் படிக்கவில்லை. திறப்பு விழாவில், பாதி மூச்சில், தரைக்கு அடியிலிருந்து கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது. இருபத்துநாலு குழாயும் நடுங்கின. அப்புறம் ஒரு ‘ஹச்’. முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த மேயர் தொப்பலாக நனைந்தார். அன்று மாலையே ஊர் புதுப்பெயர் வைத்துவிட்டது: தும்மல். அது தும்மும்போதெல்லாம் சுற்றி நிற்கிற பிள்ளைகள் ‘நூறு!’ என்று கத்துவார்கள். அந்த ஆசீர்வாதம் எல்லாம் பலித்திருந்தால் அது இன்னும் பல லட்சம் வருடம் நிற்கும்.

பொறியாளர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். பம்பு அதிர்கிறது, அதனால்தான் இப்படி என்று முடிவு கட்டி, தொட்டியிலிருந்து பம்புக்கு வருகிற குழாயைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். நோயை விட்டுவிட்டு நோயாளியின் வாயைக் கட்டிய வைத்தியம். தும்மல் நிற்கவில்லை. அப்போதுதான் நம் ஃபிட்டரை அதற்கென்று நிரந்தரமாகப் போட்டார்கள்.

அவர் கைவைத்தியம் இதுதான். காலை ஆறு மணிக்குப் பம்பு அறைக்குள் இறங்குவார். பம்பின் தலையில் இருக்கிற சின்னக் காற்றுத் திருகைத் திறந்து நாற்பது எண்ணுவார். உஸ்ஸென்று காற்று போகும். பிறகு மரச் சுத்தியால், பம்பிலிருந்து மேலே போகிற குழாயை மூன்று இடத்தில் தட்டி, காதை ஒட்டிக் கேட்பார். இதைச் செய்த நாளில் இரண்டு மூன்று தும்மலோடு போகும். செய்யாவிட்டால் இருபது, முப்பது. அதனால் அவர் லீவு போடுவதில்லை. மகள் கல்யாணத்தன்று காலையில்கூடப் புதுச் சட்டையோடு குழிக்குள் இறங்கிவிட்டுத்தான் போனார். “குழாயோட குடும்பம் நடத்துற ஆளுக்கு என்னைக் கட்டி வெச்சுட்டாங்க” என்று அவர் மனைவி தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும். சந்தையில் அவரை டாக்டர் வீட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு தும்மலும் ஓர் அடி. வருடம் ஆக ஆக இணைப்புகள் விட்டன. தொட்டி விரிசல் விட்டுத் தண்ணீர் சாலைக்கு ஓடியது. இரண்டு பேர் வண்டியோடு வழுக்கி விழுந்தார்கள். விளக்குகள் கருகின. நடுவில் மூன்று வருடம் தகரம் அடைத்து மூடியே வைத்திருந்தார்கள். ஊருக்குக் கோபம் வந்தால் கண்ணுக்குத் தெரிகிற ஆள் மேல்தானே விழும்? குழாய் மண்ணுக்கு அடியில், சிற்பியின் பெயரோ கல்லில். ‘மூச்சு முட்டும் சிற்பம்’ என்று பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. “தண்ணீர்க் குழாயைத் தோண்டிப் பாருங்கள், என் கணக்கில் பிழை இல்லை” என்று அந்தப் பெண் மாநகராட்சி மன்றத்தில் வந்து சொன்னார். “மேடம், உங்க வேலை சிலை. தண்ணி வேலையை நாங்க பார்த்துக்கிறோம்” என்று சிரித்து அனுப்பினார்கள். பிறகு எந்த ஊரும் அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்து நகரத்துப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தார் என்று கேள்வி. வருடத்துக்கு ஒரு முறை வந்து, எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, ஒரு தும்மலைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் போய்விடுவார். யாரும் அவரை அடையாளம் கண்டதில்லை. டாக்டர் மட்டும் கண்டுகொண்டார்; கண்டதும் ஒளிந்துகொண்டார்.

கண்டுகொண்டு ஏன் ஒளிந்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் பழைய கதைக்குப் போக வேண்டும்.

நீரூற்று கட்டிய காலத்தில் அவருக்கு முப்பத்தாறு வயது. தொட்டியிலிருந்து வருகிற குழாய் பெரியது, பம்பின் வாய் சின்னது. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு துண்டு உண்டு, ரெடியூசர் என்பார்கள். அதற்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் நின்றவர், எந்தப் பக்கம் மேலே என்று யோசித்தார். மேலே நின்ற மேஸ்திரிக்கு அவசரம். “மட்டமாப் போடுப்பா, மட்டமா!” என்று கத்தினார். மேஸ்திரி சொன்னது குழாய் வரிசை முழுவதும் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை. இவருக்கு அது கையிலிருந்த துண்டைப் பற்றியதாகப் பட்டது. தட்டையான பக்கம் கீழே இருந்தால்தானே எதுவும் மட்டமாக உட்காரும்? பானையைக்கூட யாரும் வாய் கீழே வைப்பதில்லை. தட்டையைக் கீழே வைத்து முடுக்கினார். அம்சமாக உட்கார்ந்தது. மட்டமாகப் போடச் சொன்னார்கள். அவர் மட்டமாகத்தான் போட்டார்.

பத்து வருடம் அதை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒருநாள், மனைவியின் தம்பி வேலை செய்கிற குளிர்பதனக் கிடங்குக்குப் போனார். பம்பு அறையைச் சுற்றிக் காட்டிய மச்சானிடம், அங்கே தட்டைப் பக்கம் மேலே இருந்த ரெடியூசரைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“என்ன மச்சான், குப்புற மாட்டி வெச்சிருக்கீங்க? எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை?”

“மாமா, சிரிக்கிறதுக்கு முன்னாடி நல்லாப் பாருங்க. பம்புக்கு உள்ள வர்ற பக்கம் தட்டை மேலதான் இருக்கணும். கீழ வெச்சா மேல ஒரு மேடு வந்துடும். அந்த மேட்டுல காத்து போய் உட்காந்துக்கும். சேர்ந்து சேர்ந்து ஒரு நேரம் மொத்தமா உள்ள போகும். பம்பு தும்மும்.”

தும்மும் என்ற சொல்லை மச்சான் சாதாரணமாகத்தான் சொன்னான். டாக்டர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பத்து வருடமாக ஊரே மெச்சிய வைத்தியம், அவரே கொடுத்த நோய்க்கு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார்; கிள்ளியது தெரியாமலே.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் மாதம் பயம். இரண்டாம் மாதம், கான்கிரீட்டை உடைக்க யார் சம்மதிப்பார்கள் என்ற சமாதானம். அப்புறம், பிள்ளைகள் தும்மலை ரசிக்கிறார்கள் என்று ஒரு நியாயம். நியாயத்துக்கா பஞ்சம்? தேடுகிறவனுக்கு வழியெல்லாம் கிடைக்கும். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினால் கூப்பிடாமலே போய் நிற்பவர். ஆனால் நல்ல மனிதர்கள் சும்மா இருந்தே செய்கிற கெடுதல் ஒன்று உண்டு, அதை அவர் பதினோரு வருடம் செய்தார். பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பார்க்கிற நாளில் மட்டும் குழிக்குள் இறங்கி, அவர் போகும்வரை மேலே வரமாட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் மன்றம் திடீரென்று விழித்துக்கொண்டது. நீரூற்றை முழுதாகச் சீர்செய்வது என்று தீர்மானம். அந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்று எதிர்வரிசை கத்தியது; கட்டியிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். ஒரு நிபுணர் குழு வந்தது. அளந்தது, படம் எடுத்தது, தடிமனாக ஓர் அறிக்கை கொடுத்தது. மேலே இருக்கிற ஆறு விலாக்கள் அளவுக்கு மீறி உயரம், அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏற முடியாமல்தான் தும்முகிறது, ஆகவே அவற்றை வெட்டி எடுத்துவிட வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்றால் இதுதான். படைப்பை மாற்றச் சிற்பியின் சம்மதம் வேண்டும் என்று பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. திங்கட்கிழமை காலை வந்து கையெழுத்துப் போடும்படி அவருக்குக் கடிதம் போனது. வெட்டுகிற ஆட்களுக்கும் அதே காலைதான் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறு மதியம் மனைவி பள்ளிச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் எதிரே வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். மிஷின் சத்தம் நின்றது.

“யார் யாருக்குத் தெரியும்?”

“உனக்கும் எனக்கும்.”

“தம்பிக்கு?”

“அவனுக்கு அவன் பம்பு மட்டும்தான் தெரியும்.”

“அப்ப விட்டுடுங்க. ரிட்டயர் ஆக இன்னும் நாலு மாசம். இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தாச்சு, கடைசி நேரத்துல போய் வம்பை விலைக்கு வாங்கணுமா? விசாரணை அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. ஊரு என்ன பேசும்?”

“நாளைக்கு ஆறு விலாவை வெட்டப் போறாங்க.”

“எதுக்கு?”

“அதாலதான் தும்முதாம்.”

மனைவி மடியிலிருந்த சட்டையைப் பார்த்தார். ஒரு கை தைத்தாகிவிட்டது, இன்னொன்று ஊசியில் தொங்கியது. கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

“கையை நான் மாத்தித் தைச்சுட்டேன்னு வைங்க. போட வந்த புள்ளையோட கையை வெட்டச் சொல்வேனா?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “போய்ச் சொல்லிடுங்க. சொல்லிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. வேற எங்கயும் போயிடாதீங்க.”

திங்கட்கிழமை காலை, வேலைக்காக மறுபடி அடித்திருந்த தகர அடைப்புக்குள் நாலைந்து பேர்தான். வெட்டும் இயந்திரத்தோடு இரண்டு ஆட்கள், காகிதக் கட்டோடு உதவிப் பொறியாளர், சாவிக்கொத்தோடு டாக்டர். சிற்பி பேருந்தில்தான் வந்து இறங்கினார். குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் ஒரு துணிப்பை. பொறியாளர் காரின் முன்மூடி மேல் காகிதத்தை விரித்தார்.

“இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்க மேடம். அவ்வளவுதான். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றார் சிற்பி. ஆனாலும் பேனாவை வாங்கினார். சண்டை போட்டு ஓய்ந்தவர் வாங்குகிற மாதிரி வாங்கினார். பையில் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி கிடைத்துவிட்டது. சிற்பி குனிந்தார்.

“கையெழுத்துப் போடாதீங்கம்மா.”

எல்லோரும் திரும்பினார்கள். “என்ன டாக்டர், நேரம் காலம் தெரியாம?” என்றார் பொறியாளர்.

“உங்க சிலையில தப்பு இல்லம்மா. உங்க கணக்கும் தப்பு இல்ல. கீழ ஒரு ரெடியூசர் தலைகீழா இருக்கு. அதுல காத்து கட்டுது. அதை மாட்டினது நான்தான்.”

பொறியாளர் முதலில் சிரித்தார். பிறகு டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். வெட்டும் ஆட்கள் இயந்திரத்தைத் தரையில் வைத்தார்கள். சிற்பி மட்டும் அசையவில்லை.

“எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?” என்று கேட்டார்.

நேற்றுதான் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை அவர் விழுங்கினார்.

“பதினோரு வருஷம் ஆச்சும்மா.”

சிற்பி பேனாவின் மூடியைப் பொறுமையாக மாட்டினார்.

“தப்பு யாருக்கும் வரும். நான் பண்ணாத தப்பா? அதை விடுங்க. நான் வருஷா வருஷம் அங்க வந்து நிப்பேன். பார்த்திருக்கீங்களா?”

“பார்த்திருக்கேன்.”

“பார்த்துட்டுமா?” என்றார். அவர் குரல் உயரவே இல்லை. “எங்க அப்பா கணக்கு வாத்தியார். நான் எங்கயோ கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்னு கடைசி வரைக்கும் நம்பினார். ராத்திரியெல்லாம் என் தாளை வெச்சுக்கிட்டு அந்தத் தப்பைத் தேடினார். போன வருஷம்தான் போனார்.”

டாக்டர் இரண்டு கையையும் கூப்பினார். அந்தப் பெண் அதைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். டாக்டர் அன்று நேராக வீட்டுக்குத்தான் போனார். மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

கான்கிரீட்டை உடைக்க மூன்று நாள் ஆனது. ரெடியூசர் அவர் வைத்த இடத்தில், வைத்த மாதிரியே, மட்டமாக உட்கார்ந்திருந்தது. கழற்றித் திருப்பி மாட்ட அரை மணி நேரம் போதுமாக இருந்தது. இருபத்தொரு வருடத்தின் ஏச்சும் பேச்சும் அந்த அரை மணி நேர வேலைக்குள் அடக்கம் என்பதை நினைத்தால் யாரை அடிப்பது என்று தெரியாமல் கை பரபரக்கிறது. விரிசல் விட்ட தொட்டி, விட்டுப்போன இணைப்புகள், கருகிய விளக்குகள் எல்லாவற்றையும் நகரம் தன் செலவில்தான் சரிசெய்தது. ஆறு விலாவும் தப்பின. சிற்பத்தில் குறை இல்லை என்று பத்திரிகையில் வந்தது. முதல் பக்கத்தில் அல்ல, ஐந்தாம் பக்கத்தின் அடியில், ஆறு வரி.

டாக்டருக்கு விசாரணைக் கடிதம் வந்தது. மீதி மாதங்களுக்குக் கழிவுநீர் ஏற்று நிலையத்துக்கு மாற்றினார்கள். சதுக்கத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்றார் செருப்புத் தைப்பவர். “சறுக்கினா எழுந்துக்கணும், பதினோரு வருஷம் படுத்தேவா கிடக்கிறது?” என்றார் பழக்கடைக்காரர். இரண்டு பேர் சொன்னதையும் டாக்டர் ஒத்துக்கொண்டார். இரவில் முன்னைவிட நன்றாகத் தூங்கினார் என்று மனைவி சொல்கிறார். ஆனால் அப்பா தாளை வைத்துக்கொண்டு தேடினார் என்ற வரி மட்டும், சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் வந்து நிற்கும் என்று அவரே சொன்னார்.

வெள்ளோட்டத்துக்குப் பொறியாளர் அவரைத்தான் கூப்பிட்டார். இருபத்துநாலு வால்வையும் எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பது வேறு யாருக்கும் தெரியாது. விழா கிடையாது, பிற்பகல் மூன்று மணி. சிற்பி வந்து ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கி, வால்வுகளைத் திறந்து, பம்பைப் போட்டார்.

அவர் மேலே வந்தபோது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து, சத்தமில்லாமல், நுனி வரை ஏறி வழிந்தது. பிறகு இறங்கியது. நின்றது. மறுபடி ஏறியது. இருபத்தொரு வருடம் அதன் அடிவயிற்றிலேயே கிடந்த மனிதர் அது நடுங்காமல் மூச்சு விடுவதை அன்றுதான் பார்த்தார். அழுதுவிட்டார். மறைக்கவும் முயலவில்லை.

“இடது பக்கம் மூணாவது கொஞ்சம் பிந்துது” என்றார் சிற்பி. பொதுவாகச் சொன்ன மாதிரி இருந்தது.

டாக்டர் மறுபடி இறங்கி, அந்த வால்வை அரைச் சுற்றுத் திருப்பினார். கேட்டுப் பார்த்து, இன்னும் ஒரு நூலளவு திருப்பினார். மேலே வந்து பார்த்தபோது மூன்றாவது விலா மற்றவற்றோடு சேர்ந்திருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போகப் பார்த்தார்.

“நான் உங்களை மன்னிக்கல” என்றார் சிற்பி. கண் தண்ணீரை விட்டு அகலவில்லை.

“தெரியும்மா.”

“முடியும்னும் தோணல.” பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இருந்தாலும் உட்காருங்க. இதைத் தனியாப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல.”

டாக்டர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.